ஆன்டாலஜியை வைத்து டிஎஸ்எல் வடிவமைப்பது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

ஏதோ ஒரு துறைக்கு மட்டும் பயன்படுகிற சின்ன நிரல்மொழி ஒன்றை உருவாக்க இறங்கியிருக்கிறீர்கள். டிஎஸ்எல் என்று சுருக்கமாகச் சொல்கிறோமே, அது. யாரோ உங்களிடம் "முதலில் ஒரு ஆன்டாலஜி போட்டுக்கொள்ளுங்கள், வேலை சுலபமாகும்" என்று சொல்லியிருப்பார்கள். ஆன்டாலஜி என்றால் ஒரு துறையில் என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, அவற்றுக்குள் என்ன உறவு என்பதைக் கணினிக்குப் புரியும்படி எழுதிவைத்த வரையறை. சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் ஆன்டாலஜி பற்றிய பாடங்கள் ஒரு பக்கம், மொழி வடிவமைப்புப் பாடங்கள் இன்னொரு பக்கம் என்று கிடக்கின்றன. இரண்டும் எந்த இடத்தில் சேர்கின்றன என்பதைத் தேடித் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சல் அடுத்தவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொழியின் வாக்கியங்கள் அதைப் பயன்படுத்தப்போகிறவர்களின் வாயிலிருந்து வரவேண்டும். எது எதோடு சேரலாம், எது சேரவே கூடாது என்பது ஆன்டாலஜியிலிருந்து வரவேண்டும். ஆன்டாலஜியை ஒரு கருவியில் போட்டு இலக்கணத்தைத் தானாக எடுத்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி எடுத்த மொழியில் யாரும் விரும்பி ஒரு வரிகூட எழுத மாட்டார்கள்.

உதாரணமாக சொட்டுநீர்ப் பாசனத்தைத் தானாக இயக்கும் விதிகளை எழுத ஒரு மொழி என்று வைத்துக்கொள்வோம். மோட்டார், வால்வு, செடிக்குச் சொட்டுவிடும் டிரிப்பர், மண் ஈரம் காட்டும் சென்சார், உரம் கலக்கும் வென்சுரி. தோட்டக்காரரே படித்துப் புரிந்துகொள்ளும்படி விதி இருக்க வேண்டும், அதனால் மொழியும் தமிழில்.

1. உங்களுக்கு ஆன்டாலஜி தேவையா என்று முதலில் பாருங்கள்

பத்துப் பதினைந்து கட்டளைகளோடு முடிகிற மொழி, ஒரே அணி மட்டும் பயன்படுத்தும் என்றால் வேண்டாம். ஒரு தாளில் சொற்பட்டியல் போதும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் சேருகிற இடம், ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு பொருளில் சொல்கிற துறை, தப்பான விதி ஓடினால் பொருள்சேதம் வருகிற வேலை என்றால் அவசியம் வேண்டும். பாசனம் இந்த மூன்றிலும் வருகிறது.

2. நான்கு ஆவணங்களை முதல் நாளே திறந்து வையுங்கள்

கருவியை இறக்குவதற்கு முன்னால் இவை இருக்கட்டும். முதலாவது சொற்பட்டியல்: சொல், யார் சொன்னது, என்ன பொருளில். இரண்டாவது கேள்விப் பட்டியல்: ஆன்டாலஜி பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள். மூன்றாவது மாதிரி நிரல்கள்: இன்னும் பிறக்காத மொழியில் எழுதிப் பார்த்த இருபது முப்பது விதிகள், அவற்றில் பாதி வேண்டுமென்றே தவறானவை. நான்காவது பொருத்தப் பட்டியல், அதாவது ஆன்டாலஜியில் இருக்கும் ஒவ்வொன்றும் மொழியில் எங்கே போகிறது என்பது. நாலாவதைத்தான் பெரும்பாலோர் வைப்பதில்லை. ஆறு மாதம் கழித்து வரும் சிக்கல்கள் பெரும்பாலும் அது இல்லாததால் வருகின்றன.

நான்கும் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவோ அட்டவணைகளாகவோ இருந்தால் போதும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) நிரலோடு சேர்த்தே வையுங்கள்.

3. வேலை தெரிந்தவர்களிடம் வாக்கியங்களை வாங்குங்கள்

"உங்கள் துறையில் என்னென்ன பொருள்கள் உண்டு?" என்று கேட்டால் பட்டியல்தான் கிடைக்கும். "காலையில் தோட்டத்துக்குப் போனதும் எதைப் பார்த்து எதைத் திறப்பீர்கள்?" என்று கேளுங்கள். "மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போடுவேன். பிரஷர் ஒரு கிலோ வந்ததும் வாழைப் பக்கம் வால்வைத் திறந்துவிடுவேன். உரம் விடுகிற நாளாக இருந்தால் கொஞ்ச நேரம் வெறும் தண்ணி ஓடின அப்புறம்தான் உரம். கடைசியிலும் வெறும் தண்ணி விட்டுத்தான் நிறுத்துவேன், இல்லாட்டி டிரிப்பர் அடைச்சுக்கும்." இந்த நான்கு வாக்கியத்தில் உங்கள் மொழி முக்கால்வாசி இருக்கிறது. சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள்.

குறைந்தது மூன்று வகை ஆட்களிடம் பேசுங்கள்: தினமும் வேலை செய்பவர், கருவியைப் பொருத்துபவர், பயிர் தெரிந்த வேளாண் ஆள். மூவரும் எந்தச் சொல்லில் முரண்படுகிறார்கள் என்று கவனியுங்கள். அந்த இடத்தில்தான் ஆன்டாலஜி தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

ஒரு இடத்தை நெருக்கமாகக் காட்டுகிறேன். "மண் ஈரம்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு வகை சென்சார் மண்ணில் எவ்வளவு பங்கு தண்ணீர் என்று சதவீதத்தில் சொல்லும். டென்சியோமீட்டர் என்ற இன்னொரு கருவி, வேர் தண்ணீரை எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சென்டிபாரில் சொல்லும். முதலாவதில் எண் குறைந்தால் மண் காய்கிறது. இரண்டாவதில் எண் கூடினால் காய்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து "ஈரம் < 20 எனில் வால்வு திற" என்று எழுத அனுமதித்தால், டென்சியோமீட்டர் பொருத்திய தோட்டத்தில் மண் நனைந்திருக்கும்போது வால்வு திறக்கும், காய்ந்து கிடக்கும்போது மூடியே இருக்கும். பார்சர், அதாவது வாக்கியத்தை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் நிரல், ஒரு குறையும் சொல்லாது, ஏனென்றால் வாக்கியம் இலக்கணப்படி சரி.

இதில் அலகைச் சரிபார்த்தால் போதுமே என்று தோன்றும். போதாது. மண்ணின் இழுவிசையும் கிலோபாஸ்கலில் வரும், குழாயின் அழுத்தமும் கிலோபாஸ்கலில் வரும். அலகு ஒன்று, பொருள் வேறு. அந்தப் பொருள் வேறுபாட்டைப் பதிவு செய்ய ஓர் இடம் வேண்டும். அதுதான் ஆன்டாலஜி.

கேள்விப் பட்டியலையும் இந்தப் பேச்சுகளிலிருந்தே எடுங்கள். "வாழைப் பகுதியின் ஈரத்தை எந்தச் சென்சார் சொல்கிறது?", "இந்த வால்வு எந்த மோட்டாரின் தண்ணீரைப் பெறுகிறது?", "எந்தெந்தப் பகுதிகளுக்கு வென்சுரி வழியாக உரம் போகும்?" இப்படி இருபது கேள்வி போதும். எந்தக் கேள்விக்கும் உதவாத வகையை ஆன்டாலஜியில் சேர்க்காதீர்கள்.

4. ஏற்கெனவே இருப்பதை எடுங்கள், ஆனால் உரிமத்தைப் படியுங்கள்

சென்சார், அளவீடு, அளக்கப்படும் பண்பு, இயக்கி ஆகியவற்றை விவரிக்க சோசா என்ற ஆன்டாலஜி இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017இல் எஸ்எஸ்என் என்ற சென்சார் ஆன்டாலஜியோடு சேர்த்துப் பரிந்துரையாக வெளியிட்டது. இலவசம். அலகுகளுக்கும் அளவு வகைகளுக்கும் கியூயுடிடி இருக்கிறது. வேளாண் சொற்களுக்கு உணவு வேளாண் அமைப்பான எஃப்ஏஓவின் அக்ரோவாக் இருக்கிறது. ஆனால் அது சொற்களஞ்சியம், கடுமையான விதிகள் கொண்ட ஆன்டாலஜி அல்ல. பயிர்ப் பெயர்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வகைப் பிழை பிடிக்க அதை நம்பாதீர்கள்.

முழுக் கோப்பையும் இழுத்துப் போடுவது புதியவர்கள் விழும் முதல் பள்ளம். கியூயுடிடியில் உள்ள அலகுகளில் உங்களுக்கு வேண்டியது பத்தோ பன்னிரண்டோ. அவற்றை மட்டும் எடுங்கள், ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் காட்டும் முகவரியை (ஐஆர்ஐ) மட்டும் மாற்றாமல் அப்படியே வையுங்கள்.

உரிமம் துறைக்குத் துறை வேறு. மருத்துவத்தில் ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவச் சொல்தொகுப்பு வேண்டியிருந்தால், அதை நடத்தும் அமைப்பில் இந்தியா உறுப்பு நாடு என்பதால் இங்கே கட்டணமில்லை, ஆனால் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். உறுப்பல்லாத நாட்டில் உங்கள் மொழி ஓடப்போகிறது என்றால் நிலைமை வேறு. இதை வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் போடும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

5. புரோட்டெஜேயில் கட்டுங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புரோட்டெஜே இலவசம், திறந்த மூலம். ஆவுல் 2 என்ற மொழியில் ஆன்டாலஜியை எழுத உதவும். ஹெர்மிட் என்ற ரீசனர், அதாவது எழுதியதிலிருந்து முடிவுகளை வருவித்து முரண்களைக் கண்டுபிடிக்கும் நிரல், அதனுள்ளேயே வருகிறது. வகைகளைச் சேர்ப்பது அரை மணி நேரத்தில் பழகிவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: நிரல் எழுதிப் பழகியவருக்கு ஆவுல் நடந்துகொள்ளும் விதம் தலைகீழாகத் தெரியும். கீழே இருப்பதை நிதானமாகப் படியுங்கள்.

சொல்லாததை ஆவுல் பொய் என்று எடுத்துக்கொள்ளாது. "ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு மோட்டார் உண்டு" என்று விதி போட்டுவிட்டு, மோட்டார் எது என்று சொல்லாமல் வால்வு 3ஐச் சேர்த்துப் பாருங்கள். ரீசனர் பிழை சொல்லாது. "மோட்டார் ஒன்று எங்கோ இருக்கிறது, எனக்கு இன்னும் தெரியவில்லை" என்று எடுத்துக்கொண்டு போய்விடும். உங்கள் கம்பைலருக்கு அப்படி இருக்க முடியாது, மோட்டார் குறிப்பிடாத வால்வைத் தடுத்தே ஆக வேண்டும். இந்த வகைச் சோதனைக்கு ஷேக்கிள் இருக்கிறது. அதுவும் 2017இல் வந்த டபிள்யூ3சி தரம். விடுபட்டதைக் குறை சொல்வதுதான் அதன் வேலை.

உறவுக்குப் போடும் எல்லை தடுப்பு அல்ல. "அளக்கிறது" என்ற உறவின் இடப்பக்கம் சென்சார்தான் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஒருவர் "வால்வு 3 குழாய் அழுத்தத்தை அளக்கிறது" என்று எழுதுகிறார். பிழை வரும் என்று காத்திருப்பீர்கள். வராது. அப்படியானால் வால்வு 3 ஒரு சென்சார் என்று ரீசனர் முடிவுகட்டிவிடும். சென்சாரும் வால்வும் ஒன்றாகவே இருக்க முடியாத வகைகள் என்று நீங்கள் தனியாக அறிவித்திருந்தால்தான் முரண் வெளியே வரும். சோசா கோப்பில் இப்படிக் கடுமையான அறிவிப்புகள் குறைவு, அதனால் உங்கள் துறைக்கு வேண்டியதை நீங்களே சேர்க்க வேண்டும். அழுத்தமானி உள்ளேயே பொருத்திய வால்வு இருந்தால், அதை ஒரு கருவியின் இரண்டு உறுப்புகளாக எழுதுங்கள்.

இரண்டு பெயர் என்றால் இரண்டு பொருள் என்று ஆவுல் நினைக்காது. வால்வு 1, வால்வு 2, வால்வு 3 எல்லாம் வேறு வேறு என்று சொல்லுங்கள். சொல்லாமல் "அதிகபட்சம் இரண்டு வால்வு" என்று விதி போட்டால், மூன்றில் இரண்டு ஒன்றேதான் என்று ரீசனர் சமாதானம் செய்துகொள்ளும்.

அப்புறம், உறுப்பையும் உட்பிரிவையும் குழப்பாதீர்கள். டிரிப்பர்கள் பொருத்திய லேட்டரல் குழாய், அதற்குத் தண்ணீர் தரும் சப்மெயின் குழாயின் உட்பிரிவு அல்ல. அதோடு இணைந்த இன்னொரு குழாய். "லேட்டரல் ஒரு வகை சப்மெயின்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தப்பு காதிலேயே விழும்.

ஆவுல் கூட்டல் கழித்தல் செய்யாது. ஒரு பகுதியில் 1500 டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் பகுதிக்கு மணிக்கு 6000 லிட்டர். மோட்டார் மணிக்கு 12,000 லிட்டர்தான் தரும் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு பகுதிக்கு மேல் திறக்கக்கூடாது. இந்தக் கணக்கைக் கம்பைலரில் வையுங்கள். டிரிப்பர் எண்ணிக்கை, ஓட்டம் ஆகிய பண்புகள் மட்டும் ஆன்டாலஜியில் இருக்கட்டும்.

வரிசையும் அப்படித்தான். "முதலில் வெறும் தண்ணி, நடுவில் உரம், கடைசியில் வெறும் தண்ணி" என்பது செயலின் ஒழுங்கு. அதை ஆவுலில் எழுத முயன்றால் பக்கம் பக்கமாக நீளும், பயன் இருக்காது. அதற்கு மொழியின் இயங்குமுறையைத் தனி ஆவணமாக எழுதுங்கள்.

முதல் பதிப்புக்கு முப்பது நாற்பது வகை போதும். நூறைத் தாண்டினால் கேள்விப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

6. பொருத்தப் பட்டியலை எழுதுங்கள்

இதுதான் பாலம். ஆன்டாலஜியில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் எதிரே மொழியில் அது என்ன ஆகிறது என்று எழுதுகிறீர்கள். வகைகள் பெரும்பாலும் மொழியின் தரவு வகைகளாகும். உட்பிரிவுகள் இலக்கணத்தில் மாற்றுத் தேர்வுகளாகும். எண்ணிக்கை விதி, ஒரு பகுதி கட்டாயமா விருப்பமா என்பதைச் சொல்லும். மூடிய பட்டியல்கள், அதாவது திற, மூடு போன்றவை, மொழியின் திறவுச்சொற்களாகும் (கீவேர்டு). ஒன்றாக இருக்க முடியாத வகைகள் பிழைச்செய்திகளாகும்.

வால்வு 3, வாழைப் பகுதி போன்ற தனிப்பொருள்கள் மொழிக்குள் வரவே கூடாது. அவை ஒவ்வொரு தோட்டத்துக்கும் மாறும். தனி அமைவுக் கோப்பில் இருக்கட்டும்.

பட்டியலில் மூன்றாவது நெடுவரிசையாக "மொழியில் வராது" என்று ஒன்று வையுங்கள். ஆன்டாலஜியில் "இயக்கி", "பண்பு", "அளவீடு" என்றெல்லாம் பொதுவான வகைகள் இருக்கும். அவை ரீசனருக்கு வேண்டும். தோட்டக்காரர் "இயக்கி 3" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார், வால்வு என்றுதான் சொல்வார். பாதிக்கு மேற்பட்ட வகைகள் இந்த நெடுவரிசையில் விழுந்தால் பதற வேண்டாம், ஆரோக்கியமான அறிகுறி அது.

7. இலக்கணம், தமிழில் என்றால் இரண்டு கூடுதல் கவனம்

இலக்கணம் எழுதும் கருவிகளில், பைத்தான் தெரிந்தவருக்கு டெக்ஸ்ட்எக்ஸ் நல்ல தொடக்கம். விஎஸ் கோடில் தானாகச் சொல் நிரப்புவது, அடிக்கோடிட்டுப் பிழை காட்டுவது எல்லாம் வேண்டும் என்றால் லாங்கியம். ஜாவா அணி என்றால் எக்ஸ்டெக்ஸ்ட். பார்சர் மட்டும் போதும் என்றால் ஆன்ட்லர். எல்லாமே இலவசம்.

முதல் வடிவம் இப்படி இருக்கட்டும்:

பகுதி வாழை
மண்ஈரம் < 20 % எனில்
வால்வு 3 திற, 40 நிமிடம்

பெயர்களோடு வேற்றுமை உருபை ஒட்ட விடாதீர்கள். "வால்வை", "வால்வுக்கு", "வால்வின்" எல்லாவற்றையும் பார்சர் பிரித்தறிய வைப்பது தனி ஆராய்ச்சி. பெயரை வெறும் பெயராகவே வையுங்கள், படிப்பவருக்குப் புரியும்.

தமிழ் எழுத்துக்காகக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நிரலகம், சொல்லெழுத்து என்று எடுத்துக்கொள்வதில் நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சேராது. "வால்வு" என்ற சொல்லை அது வ, ல, வ என்று மூன்று துண்டாக்கும். டெக்ஸ்ட்எக்ஸ் தரும் ஆயத்தப் பெயர் விதியும் இதையே நம்புவதால் தமிழ்ப் பெயர்களில் இடறும். யூனிகோடில் தமிழுக்கான தொகுதி, பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை. அந்த எல்லையைக் கொடுத்து உங்கள் சொந்தப் பெயர் விதியை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, "தொட்டி" என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு சொல். அமைவுக் கோப்பில் ஒருவிதம், விதியில் இன்னொருவிதம் என்றால் "தொட்டி என்று எதுவும் இல்லை" என்று பிழை வரும், காரணம் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே வரும் எல்லா எழுத்தையும் பார்சருக்கு முன்பே என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானில் ஒரு வரி வேலை.

8. ஆன்டாலஜியைக் கம்பைலரோடு கோர்த்துச் சோதியுங்கள்

பைத்தானில் ஆவுல்ரெடி2 என்ற நிரலகம் ஆன்டாலஜிக் கோப்பைப் படித்துத் தரும். அது ஆர்டிஎஃப் எக்ஸ்எம்எல் வடிவத்தைப் படிக்கும், டர்ட்டில் வடிவத்தைப் படிக்காது. புரோட்டெஜேயில் சேமிக்கும்போதே இதைக் கவனியுங்கள். ரீசனரையும் அங்கிருந்தே ஓட்டுவதென்றால் கணினியில் ஜாவா தனியாக வேண்டும்.

விதி ஒவ்வொரு முறை கம்பைல் ஆகும்போதும் ரீசனரை ஓட்டாதீர்கள், காத்திருந்து அலுத்துவிடுவார்கள். ஆன்டாலஜி மாறும்போது ஒரு தடவை ஓட்டி, எந்தப் பண்பு எந்த அலகோடு, எந்த வகையோடு சேரும் என்ற அட்டவணையைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பைலர் அந்த அட்டவணையைப் பார்த்தால் போதும்.

பிழைச்செய்தியில் ஆன்டாலஜியின் வாசனையே வரக்கூடாது. "வகை முரண்" என்று சொல்லாமல் இப்படிச் சொல்லட்டும்: "வரி 2: மண்இழுவிசையைச் சதவீதத்தோடு ஒப்பிட முடியாது. சென்டிபார் அல்லது கிலோபாஸ்கல் எழுதவும். சதவீதம் வேண்டுமானால் மண்ஈரம் என்று எழுதவும்." இதை எழுதத் தேவையான எல்லாத் தகவலும் அட்டவணையில் இருக்கிறது. உழைப்பெல்லாம் இந்த ஒரு செய்திக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன்.

இப்போது மூன்றாவது ஆவணத்தை எடுங்கள். நல்ல விதிகள் எல்லாம் ஓட வேண்டும், தவறானவை எல்லாம் நிற்க வேண்டும். நிற்காத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி: இதைத் தடுக்க வேண்டியது இலக்கணமா, அட்டவணையா, ஷேக்கிளா, கம்பைலர் கணக்கா? பதிலைப் பொருத்தப் பட்டியலில் எழுதுங்கள்.

9. செலவும் காலமும்

மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. ஆவுல்ரெடி2 எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்: அதையே திருத்தி விற்றால் திருத்தத்தைத் திறந்து காட்ட வேண்டும், திருத்தாமல் பயன்படுத்தினால் சிக்கலில்லை.

உண்மையான செலவு வேலை தெரிந்தவர்களின் நேரம். அவர்களுக்குக் கூலி கொடுங்கள், திட்டச் செலவில் அதை முதல் வரியாக எழுதுங்கள். சும்மா வந்து சொல்லட்டும் என்று எதிர்பார்த்தால் முதல் சந்திப்போடு சரி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் உட்கார வைக்காதீர்கள். பாசன வேலை நடக்கும் காலை நேரத்தில் கூப்பிடாதீர்கள், அந்த நேரத்தில் நீங்கள் அங்கே போய் நில்லுங்கள்.

சிறு திட்டத்துக்கு ஒருவர் முழுநேரம் உழைத்தால் எட்டு வாரம் என்று கணக்குப் போடுங்கள். பேச்சும் சொற்பட்டியலும் இரண்டு வாரம், ஆன்டாலஜி இரண்டு வாரம், பொருத்தப் பட்டியல் சில நாள், இலக்கணமும் கம்பைலரும் இரண்டு வாரம், மீதியெல்லாம் சோதனை. ஆன்டாலஜி வேலை மூன்றாவது வாரத்தையும் தின்ன ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு இலக்கணத்துக்குப் போங்கள். என்ன குறைகிறது என்பதை மாதிரி விதிகளே காட்டிக்கொடுக்கும்.

10. பெயர் மாற்றுவதற்கு இப்போதே வழி செய்யுங்கள்

ஆன்டாலஜியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள முகவரி உண்டு. அதில் பொருள் தரும் பெயரை வைக்காமல் வெறும் எண்ணை வையுங்கள், தமிழ்ப் பெயரை மொழிக்குறியோடு தனி லேபிளாகக் கொடுங்கள். நாளைக்கு "மண்இழுவிசை" என்பது பிடிக்காமல் வேறு சொல் வைத்தாலும் அட்டவணை உடையாது. புரோட்டெஜேயில் பெயர் மாற்றும் வசதி அங்கே திறந்திருக்கும் ஆன்டாலஜிகளுக்குள் மட்டும்தான் மாற்றும், தோட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கும் விதிகளை அதற்குத் தெரியாது.

வகை எதையும் அழிக்காதீர்கள். வழக்கொழிந்தது என்று குறியிட ஆவுலிலேயே இடம் இருக்கிறது. கம்பைலர் அந்தக் குறியைப் பார்த்தால் எச்சரிக்கை மட்டும் கொடுக்கட்டும், பழைய விதி ஓடட்டும். ஆன்டாலஜிக்கும் மொழிக்கும் தனித்தனிப் பதிப்பு எண் கொடுங்கள். விதிக் கோப்பின் முதல் வரியில் இரண்டையும் எழுத வைத்துவிட்டால், எந்தத் தோட்டத்தில் எது ஓடுகிறது என்று போனில் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.